ஊக்கு

"முந்தான முடிச்ச அவுக்காத. சொன்னா கேளு—"

"கைய வுடு."

"அந்த ரூபாய எடுத்தியானா எல்லாரும் பாப்பாங்கடி—"

"பாக்கட்டும்னுதான் எடுக்கறேன்!"

மேடையில் சாக்ஸபோன் உயர்ந்தது. கணவன் மனைவி குரல் இரண்டும் அதில் மூழ்கி, மறுபடி மேலே வந்தன.

பள்ளிக்கூடத் திடல். கோடையின் கடைசி மாலை. விடிந்தால் பள்ளி திறக்கிறார்கள்.

மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். போன மாதம் எரிந்த குப்பத்தின் படம். அதில் கருகிச் சாய்ந்து நிற்கும் கம்பம் அவள் வீட்டுடையது.

கச்சேரி அவர்களுக்காகத்தான். வசூலாவதெல்லாம் வீடு கட்ட.

முன்வரிசையில் வீடு இழந்தவர்கள். ஆளுக்கொரு மஞ்சள் நாடா, நெஞ்சில் ஊக்கு குத்தி. யார் என்று வந்தவர்களுக்குத் தெரிய வேண்டுமாம்.

பாட்டு பிடித்துப்போனால் மேடையேறி, வாசிப்பவர் சட்டையில் நோட்டைக் குத்துவார்கள். குத்தியவர் பேரை மைக்கில் சொல்வார்கள். எந்தக் கச்சேரியிலும் உள்ளதுதான்.

இன்று அது நடக்கவில்லை. கொடுக்க வந்தவர்கள் வாசலில் இருந்த உண்டியலிலேயே போட்டுவிட்டார்கள்.

சாக்ஸபோன்காரரின் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. ஒரு நோட்டு இல்லை.

"கூலியும் வேணான்னுட்டாரு அந்த மனுசன். நமக்காகத்தான் மூச்சு வாங்க ஊதறாரு. நம்ம சனம் ஒண்ணாவது எழுந்திரிக்குதா பாரு."

"எழுந்திரிச்சா இன்னா சொல்லுவாங்க? கையில காசு இருக்குது, இவங்களுக்கு எதுக்கு வீடுன்னு லிஸ்டுலேந்து நம்ம பேர அடிச்சிருவாங்க."

"நேத்து மார்க்கெட்டுல குந்தி மீன் ஆஞ்ச காசு இது. எவனும் குடுத்ததில்ல."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

"திருவிழாவுல பாட்டுக்காரி சிரிச்சதுக்கே கடன் வாங்கிக் குத்தினவன்தான நீ? இப்ப இன்னா வந்துது?"

"அப்ப நமக்கு வீடு இருந்துதுடி."

அவள் முடிச்சை அவிழ்த்து நோட்டை எடுத்தாள்.

பாட்டு முடிந்தது. அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "பாவப்பட்ட வலம்புரிக்குப்பத்து மக்களுக்காக, அடுத்த பாடல்..."

மாலையிலிருந்து ஊர்ப் பேரை அவர் ஒரு தடவைகூடத் தனியாகச் சொல்லவில்லை.

அவள் நெஞ்சிலிருந்த ஊக்கைக் கழற்றினாள். நாடா மடியில் விழுந்தது. அதை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

நடந்தாள்.

மரப்படிகள். கண் கூசும் விளக்கு.

சாக்ஸபோன்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. தோளை மட்டும் அவள் பக்கம் சாய்த்துக் கொடுத்தார்.

ஊக்கு ஈரத் துணியில் இறங்கியது. நோட்டில் மீன் வாடை.

அவர் கண்களை மூடிக்கொண்டு அடுத்த வரியை இன்னும் மேலே எடுத்தார்.

கீழே முன்வரிசை எழுந்து பார்த்தது. அவனும் எழுந்து நின்றான். அவன் சட்டையிலும் நாடா இல்லை.

அறிவிப்பாளருக்கு அவளைத் தெரிந்தது. சற்று முன் வீடு இழந்தவர்கள் என்று அவர் பேர் வாசித்தபோது எழுந்து நின்றவர்களில் அவளும் ஒருத்தி. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"யாரு குடுத்ததுன்னு சொல்லட்டும்மா?"

"காத்தாயி தேசிங்கு. வலம்புரிக்குப்பம்."

அவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். அவள் அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"ஊர்ப் பேருக்கு முன்னாடி வேற எதையும் சேக்காதீங்க."