மேல் வீட்டு அலறல்

"ஐயோ, விடு! கொல்லாதே! யாராவது வாங்களேன்!"

மேல் வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் அலறல் கேட்டதும், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"ஆரம்பிச்சுட்டான் படுபாவி," என்றாள் அவர் மனைவி. "பாக்க இந்தப் பூனையும் பால் குடிக்குமாங்கற மாதிரி இருக்கான். லிஃப்ட்ல வணக்கம் வேற சொல்றான்."

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நாம ஏன் மூக்கை நுழைக்கணும்?"

"ஒரு தடவை போய் எட்டிப் பாத்துட்டு வந்தா என்னங்க?"

"போனா அவன் நம்மளைத் திட்டுவான். விடிஞ்சா அதுங்க ரெண்டும் ஒண்ணாயிடும். கடைசியில நமக்குத்தான் கெட்ட பேரு."

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

அந்த ஜோடி குடிவந்ததிலிருந்து இதே கதைதான். "பாவம் அந்தப் பொண்ணு" என்று படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள். சொல்லி முடித்ததும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஒருவழியாகச் சங்கம் கூடியது. பெண்ணைப் பற்றிப் பேச அல்ல, சத்தத்தைப் பற்றிப் பேச.

"பிள்ளைங்க படிக்க முடியல."

"வீடு பாக்க வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

காலி செய்யச் சொல்லிவிடுவது என்று முடிவானது. ஒருத்தி மட்டும் கை தூக்கவில்லை. மேல் மாடியில் அந்த ஜோடிக்கு எதிர்வீட்டில் இருக்கும் அக்கா. எல்லாரும் வைத்த பெயர் ரேடியோ. அவள் காதில் எது விழுந்தாலும் மாலைக்குள் தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

"அவங்க நல்லவங்க. இருந்துட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டு ரேடியோ எழுந்து போய்விட்டாள்.

"ஏதோ குடுத்து வாயை அடைச்சிருக்கான்," என்று சங்கம் தீர்ப்புச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் மனைவியோடு மாடி ஏறினார். கதவைத் திறந்தது அவனேதான்.

"தம்பி, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடுங்க. எப்பப் பாத்தாலும் அலறல். குடும்பம் நடத்துறவங்க இருக்கிற இடம் இது."

அவன் முகம் வெளுத்துப்போனது. "சார், போன வீட்டுலயும் இப்படித்தான் அனுப்பிட்டாங்க. இனி எங்க சார் போவோம்?"

"யாருங்க?" என்று கேட்டுக்கொண்டே அவள் வந்தாள். கையில் வெந்நீர் டம்ளர். தொண்டை கட்டியிருந்தது. விஷயம் தெரிந்ததும் சிரித்தாள். "உள்ள வாங்க சார். இனிமே சொல்லலாம்."

கூடத்து டிவியில் எதையோ ஓடவிட்டாள். திரையில் முரட்டு வீரன் ஒருவன், தலைமுடிக்குப் பதில் பாம்புகள் நெளியும் ஒரு பெண்ணின் கழுத்தைப் பிடித்து வாளை ஓங்கினான்.

"ஐயோ, விடு! கொல்லாதே!"

செயலாளரின் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே அலறல். ஆனால் எதிரே நின்றவள் வாயைத் திறக்கவே இல்லை.

"கிரேக்கப் புராணத்தை வச்சுப் பண்ற வீடியோ கேம் அக்கா. முதல் பாகத்துல அந்த வீரனைக் கடவுளுங்க ஏமாத்திடுவாங்க. இது ரெண்டாம் பாகம். பழிவாங்க வர்றான். வெட்டுறவனோட குரல் இவரு. வெட்டுப்படறது பூரா நான்."

"அப்ப தினம் தினம்..."

"நெருப்புல விழுந்து சாகணும், கடல்ல மூழ்கிச் சாகணும், ஒத்தைக் கண் ராட்சசன் மிதிச்சுச் சாகணும். ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக் கத்தணும். துணி அலமாரிக்குள்ள மெத்தையை நிறுத்திவச்சுத்தான் பதிவு பண்றோம். பேச்சு வெளிய வர்றதில்ல. சாவு மட்டும் வந்துடுது."

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். பெரிய பாரம் இறங்கிய சிரிப்பு. "முன்னாடியே சொல்லக் கூடாதா தம்பி?"

"முன்னோட்டம் வெளிவர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு கம்பெனி கண்டிஷன் சார். நேத்துதான் வந்துச்சு. எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் தெரியும்."

"ரேடியோவுக்கா?"

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. இவ ஒரே ஒரு கத்துதான் கத்தினா. அக்கா துடைப்பக்கட்டையோட வந்து கதவை உடைக்காத குறை. 'திறடா, அந்தப் பொண்ணை என் கண்ணுல காட்டுடா'ன்னு ஒரே சத்தம். மைக்கைக் காட்டின பிறகுதான் துடைப்பத்தைக் கீழ போட்டாங்க. வெளிய சொல்லாதீங்கக்கான்னு கெஞ்சினோம். ஒருத்தர்கிட்டயும் சொல்லல பாருங்க."

செயலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மனைவி தரையைப் பார்த்தாள். இருவருக்கும் எப்போது எழுந்து ஓடுவோம் என்றிருந்தது.

"காலி பண்றதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. நான் சங்கத்துல பேசிக்கறேன். நாங்க வர்றோம்."

வழியனுப்ப வாசல் வரை வந்தவள் கேட்டாள். "உங்க வீடு எது சார்?"

"கீழதான். நேர் கீழ." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"ஓ, அந்த டிவி வீடா?" அவள் முகத்தில் கோபமே இல்லை. "நான் கத்த ஆரம்பிச்சதும் உங்க டிவி சத்தம் கூடிடும் சார். பதிவு கெட்டுப்போய், திரும்பவும் முதல்லேருந்து கத்துவேன். இவரு கீழ போய்ச் சண்டை போடறேன்னாரு. நான்தான் விடல. பாவம், அந்த வீட்டுல யாருக்கோ காது கேக்காதுபோலன்னு சொன்னேன்."