கோலக்குழல்

ஐம்பத்தேழு ஆகஸ்ட். மலாயா சுதந்திரத்துக்கு வந்த கொடிகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும் காஜா பெராங் தெருக் காகிதக் கடையில், வரைந்து பழக வண்ணப்பெட்டியும் தூரிகையும் கேட்கிறாள் மெய்யம்மை. கடைக்காரர் தம்பிராஜா அலமாரிப் பக்கமே திரும்பவில்லை. ஓட்டை போட்ட தகரக் கோலக்குழலில் மாவு நிரப்பி மேசைமேல் உருட்டுகிறார். வரிசையாகத் தாமரை விழுகிறது. "பொம்பளைங்களுக்கு இது போதும் ஆச்சி. கை வலிக்காது, தப்பும் வராது." முன்பல் போன வாய் சிரிக்கிறது. தினமும் வாசலில் வெறுங்கையால் இருபத்தொரு புள்ளிக் கோலம் இழுப்பவளுக்குக் காதுமடல் சுடுகிறது. தாமரைகளை உள்ளங்கையால் அழிக்கிறாள். வெயிலில் மாவு பறக்கிறது. மேசையில் கிடந்த பென்சிலை எடுத்து, பொட்டலத் தாளில் அந்தச் சிரிப்பை ஓட்டைப் பல்லோடு வரைந்து அவர் பக்கம் திருப்புகிறாள். "இந்த மூஞ்சிக்குக் குழல் இருக்கா அண்ணே?" சிரிப்பு தாளில் மட்டும் இருக்கிறது. "இல்லேன்னா பிரஷ்ஷ எடுங்க."