உயரம் குறிக்காத வரி

செவ்வாய், மாலை ஆறு மணி. இன்று வகுப்புக்குப் போகவில்லை.

போன மாதம் ஒரு போர் விமானம் எங்கள் கூரையை உரசுவதுபோலத் தாழப் பறந்தது. அன்றிலிருந்து அக்கா மகன் இனியனுக்குக் காது கேட்கவில்லை. அரசு செலவில் சிகிச்சை வேண்டுமென்றால், விமானங்களின் சிக்னலைக் காட்டும் பொது வரைபடத்தில் அதன் பதிவு இருக்க வேண்டும்.

"வரைபடத்துல இல்லன்னா வானத்துலயும் இல்லம்மா," என்றார் இன்று நானும் அக்காவும் மனு கொடுக்கப் போன அலுவலகத்தின் அலுவலர்.

"அப்ப எம்புள்ள காதைக் காக்கா தூக்கிட்டுப் போச்சா சார்?" என்றாள் அக்கா.

எனக்கு அவர் மேசையைக் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது. ஆனால் எங்கள் ஊருக்கு மேலே பறக்கும் விமானங்களின் சிக்னலை, ஒவ்வொன்றையும் ஒரு வரியாகப் பதிந்து வரைபடத்துக்கு அனுப்புவதே நான்தான். உயரம் குறிக்காத வரி பிழையான வரி, அதை நீக்கிவிட வேண்டும் என்று இந்தப் பதிவு வேலையைக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அந்த விமானம் உயரத்தை மறைத்துக்கொண்டு பறந்திருக்கிறது. நான் மூன்று முறை சரிபார்த்து அந்த வரியை நீக்கியிருக்கிறேன். நகலும் இல்லை. பிழையே இல்லாத பதிவு என்று வகுப்பில் பாராட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா, "நீதான் எல்லாத்தையும் எழுதி வெப்பியே, உன்கிட்ட இருக்கும். தேடுடி," என்றாள்.

தேடுவதுபோல உட்கார்ந்திருக்கிறேன்.