கீழ் வட்டம்

என்னை முதலில் அவமானப்படுத்தியவன் லீலண்ட். அதுவும் வானொலியில், மாநிலம் முழுக்கக் கேட்கும்படி.

கிராமத்து ஆம்புலன்ஸ்கள் நின்றுபோகாமல் இருக்க, மாநிலத் தலைநகரான அகஸ்டாவில் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. அதை ரத்து செய்யலாமா என்று நவம்பரில் வாக்கெடுப்பு. ஆம்புலன்ஸ் வேண்டும் என்பவன் 'இல்லை' என்று போட வேண்டும். வேண்டாம் என்பவன் 'ஆமாம்' என்று போட வேண்டும். அகஸ்டாக்காரர்கள் எழுதுகிற கேள்வி அப்படித்தான் இருக்கும்.

அதைப் பற்றி விசாரிக்க, வானொலி நிலையத்திலிருந்து பெதனி என்ற பெண் மைக்கோடு ஜூனியின் கடைக்கு வந்தாள். காலை ஆறு மணி. நாங்கள் ஏழெட்டுப் பேர் காபி குடித்துக்கொண்டிருந்தோம். லீலண்ட் வழக்கம்போல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அகஸ்டா செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தான். முப்பது வருடமாக அதுதான் அவனுடைய காலை வேலை.

"இந்தக் கேள்வி புரியுதா சார்?" என்று அவனிடம் கேட்டாள் பெதனி.

"எனக்கென்னம்மா. ஆனா எழுத்தே தெரியாத ஆள் ஒருத்தன் எங்க ஊர்ல இருக்கான். அவன் எங்க போவான்? உங்க ரேடியோவுல தினமும் ஒருதரம் மெதுவாச் சொல்லுங்களேன்."

மறுநாளே அது ஒலிபரப்பானது. அன்று முதல் தினமும் காலை ஐந்து பத்துக்கு அந்தக் கேள்வியை நிறுத்தி நிதானமாக விளக்கவும் ஆரம்பித்தார்கள்.

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு சிங்கி இறால் படகில் ஏறியவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். லீலண்ட் யாரைச் சொன்னான் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒலிபரப்பான அன்று நான் கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் அவரவர் காபியைப் பார்த்தார்கள்.

"மனசுல வச்சுக்காத ஏமஸ்," என்று ஜூனி காசு வாங்காமல் ஒரு டோநட்டை என் முன் வைத்தாள்.

அந்த டோநட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும். விரல் வைத்துத்தான் படிப்பேன், மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் தெரியும்.

நிலையத்துக்கு போன் போட்டேன்.

"லீலண்ட் மன்னிப்புக் கேக்கணும். அதே ரேடியோவுல."

"அவர் யார் பேரையும் சொல்லலையே சார்," என்றாள் பெதனி.

"ஊருக்கே ஒரு முட்டாள்தான்னா பேர் எதுக்கும்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "ஓட்டுப் போடற அன்னிக்கு வரேன். ரெண்டு பேரையும் வச்சே கேட்டுடலாம்."

சொன்னபடி வந்தாள். நகர மண்டப வாசலில், பள்ளிக்கூடத்துக்காக கேக்கும் பிஸ்கட்டும் விற்கிற மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"முதல்ல ஓட்டுப் போட்டுட்டு வந்துடறோம்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு லீலண்ட் என் பக்கம் திரும்பினான். "ஏன்டா, உனக்கு வேற வேலையே கிடையாதா?"

"இருக்கு. நீ மன்னிப்புக் கேட்டதும் போய்ப் பாக்கறேன்."

உள்ளே அடுத்தடுத்த தடுப்பில் நின்றோம். நடுவில் ஒரு பலகைதான். நான் வாக்குச்சீட்டில் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். 'ஆமாம்', 'இல்லை' இரண்டுக்கும் ஒவ்வொரு வட்டம்; வேண்டியதைக் கறுப்பாக்க வேண்டும். பலகைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்டது.

"'ஆமாம்' என்றால் சட்டம் ரத்தாகும். 'இல்லை' என்றால் சட்டம் நீடிக்கும். நேரம் ஐந்து பத்து. கடலோரத்தில் தென்மேற்குக் காற்று வீசும்..."

அச்சு அசலாக வானொலிக் குரல். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் காற்றில் கொண்டுபோய் முடித்தான். பிறகு பலகையில் லேசாகத் தட்டினான்.

"ஏமஸ். 'இல்லை'ங்கறது எந்த வட்டம்?"

வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்தேன். "அதான் பக்கத்துலயே எழுதியிருக்கே."

இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னான்: "மேவிஸை ரெண்டு தடவை ஆம்புலன்ஸ்லதான்டா தூக்கிட்டுப் போனாங்க. மாத்திப் போட்டுட்டேன்னா அவளுக்கு நானே உலை வச்ச மாதிரி. எந்த வட்டம், சொல்லு."

மேவிஸ் அவன் மனைவி. இதயம் பலவீனம்.

வாக்குச்சீட்டிலிருந்து விரலை எடுத்தேன். முப்பது வருடம். ஐந்து மணிக்கு வானொலியில் கேட்டதை ஆறு மணிக்குப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்திருக்கிறான். பெதனியிடம் அவன் சொன்ன அந்த 'ஒருத்தன்' நான் இல்லை.

'மேல் வட்டம்' என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"கீழ் வட்டம்," என்றேன்.

வெளியே வந்ததும் பெதனி மைக்கை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஜூனி உட்பட பாதி ஊர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க லீலண்ட் சார். எழுத்துத் தெரியாத ஆள்னு அன்னிக்கு யாரைச் சொன்னீங்க?"

லீலண்ட் என்னைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான்.

மைக்கை என் பக்கம் இழுத்தேன்.

"என்னைத்தாம்மா. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எனக்காகத்தான் கேட்டிருக்கான், நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். பதிவாச்சா?"

"ஆச்சு சார்."

மறுநாள் ஐந்து மணிக்கு வானொலியைப் போட்டேன். வாக்கு எண்ணிக்கை, சட்டம் பிழைத்த செய்தி, ஆளுநரின் பேச்சு. நான்காவதாக என் குரல்.

ஆறு மணிக்குக் கடையில் லீலண்ட் பேப்பரை விரித்தான். வாக்கு எண்ணிக்கையைச் சொன்னான். சட்டம் பிழைத்ததைச் சொன்னான். ஆளுநர் பேசியதைச் சொன்னான். அங்கே நின்றான். பேப்பரை மடித்தான்.

"அப்புறம்?" என்றாள் ஜூனி.

"அவ்வளவுதான். இன்னிக்குப் பேப்பர்ல வேற ஒண்ணும் இல்ல," என்றான், என்னைப் பார்க்காமல்.

ஜூனி காசு வாங்காமல் இன்னொரு டோநட்டை என் முன் வைத்தாள். இந்தத் தடவை தின்றேன்.

லீலண்ட் இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.