ஊர் முழுக்க வரும்

கோண்டாவில் வீட்டையும் கிறேசம்மா வேண்டாம் என்று சொன்னபோது தரகர் தயாபரனுக்குப் பொறுமை போய்விட்டது.

மாபிள் போட்ட வீடு. நல்ல தண்ணீர்க் கிணறு, முற்றத்தில் இரண்டு மாமரம். நெடுந்தீவில் உவர்த் தண்ணீரோடு காலம் தள்ளிய மனிசிக்கு இதைவிட வேறென்ன வேணும்? அவளோ வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு ஓட்டோவில் போய் ஏறிவிட்டாள்.

நல்லூர் வீடும் இப்படித்தான் போனது. சுண்டுக்குளியில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒன்று காட்டினார். வேதக்காரருக்குப் பொருத்தமான இடம் என்று புருசன் மரியதாசனுக்குக்கூட ஆசையாகத்தான் இருந்தது. அதுவும் வேண்டாமாம்.

பிரான்ஸில் இருக்கும் மகன் றஜீவன், வாடகை எவ்வளவென்றாலும் பரவாயில்லை, ரவுனில், நகரத்துக்குள்ளேயே நல்ல இடமாகப் பார்த்து இருங்கள் என்று சொல்லியிருந்தான். வெளிநாட்டுக் காசு வந்தால் ஆக்களுக்கு ஒன்றும் கண்ணுக்குப் பிடிக்காது என்று தயாபரன் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டார். 'நல்லூர் தயாபரன்' என்றால் ரவுனில் தெரியாதவர் இல்லை. அவரையே இப்படி அலைய வைத்தவர்கள் குறைவு.

"எப்பிடி வீடுதான் வேணும் அக்கா? அதையாவது சொல்லுங்கோவன்."

"பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால ஒழுங்கையிலை ஒரு வீட்டின்ரை முன்பாதி சும்மா கிடக்குதாம். அதைக் காட்டும் தம்பி."

தயாபரனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒழுங்கையில் ஓட்டோ திரும்ப இடமில்லை. பகல் முழுக்க ஹோண் சத்தம், பொழுதுபட்டால் நுளம்புக் கடி. ஆருக்கும் ஏதும் நோய் வருத்தமோ என்று மரியதாசனிடம் இரகசியமாகக் கேட்டுப் பார்த்தார். ஒரு வருத்தமும் இல்லை என்று சொன்ன மரியதாசன், மிச்சத்தை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

சரி, அவர்கள் தீவுக்குத் திரும்பும் பின்னேரப் படகுக்கு முன்னம் அதையும் காட்டித் தொலைப்போம் என்று ஓட்டோவைத் திருப்பச் சொன்னார். போகிற வழியில் ஒரு புத்தி சொன்னார்.

"வீட்டுக்கார அம்மா கொஞ்சம் கறார். எந்த ஊர் எண்டு கேட்டா தீவு எண்டு மட்டும் வாய் திறக்காதேங்கோ. சுண்டுக்குளிப் பக்கம் எண்டு சொல்லுவம்."

"ஏன் தம்பி?"

"சொன்னால் வீடு கிடையாது. இந்தத் தொழிலிலை எனக்கு இது தெரியும்."

கிறேசம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரி சறோஜினிதேவி பின்பாதியில் தனியாக இருந்தார். கதிரை போட்டு இருத்தினார். பிள்ளைகள் எத்தனை, என்ன செய்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு கேட்டார்:

"எவடம் நீங்கள்?"

"சுண்டுக்குளிப் பக்கம் அம்மா" என்று தயாபரன் முந்திக்கொண்டார்.

"இல்லை அம்மா. நாங்கள் நெடுந்தீவு" என்றாள் கிறேசம்மா.

சறோஜினிதேவியின் முகம் மாறிவிட்டது. எதிரில் இருக்கிற இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தரகரோடு கதைத்தார்.

"தம்பி, நீர் நல்லூர் ஆள். உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீவாருக்கு வீட்டைக் குடுத்தா ஊர் முழுக்க வந்து நிக்கும். என்னாலை ஏலாது."

மரியதாசன் எழும்பிவிட்டார். தயாபரனும் எழும்பினார். கிறேசம்மா மட்டும் எழும்பவில்லை.

"ஓம் அம்மா, ஊர் முழுக்கத்தான் வரும். அதுக்குத்தான் உங்கட வீட்டைக் கேக்கிறன்."

நெடுந்தீவில் பிள்ளைப்பேற்று மாதம் நெருங்கிய பெண்கள் முன்கூட்டியே ரவுனுக்கு வந்து தங்க வேண்டும் என்று அவள் சொன்னாள். கடல் குழம்பினால் படகு ஓடாது. பிரசவ நோ வந்த பிறகு புறப்பட ஏலாது. தங்க இடமில்லாதவர்கள் ஆரோ ஒருவரின் வீட்டு மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

"றஜீவன் வயித்திலை இருக்கேக்கை நானும் ஒரு சொந்தக்கார வீட்டிலைதான் வந்து நிண்டனான். அவை முகம் சுழிக்கக்கூடாதெண்டு அந்த வயித்தோட தண்ணி அள்ளிக் குடுத்தனான். எங்கட ஊர்ப் பிள்ளையள் இனி அப்பிடி நிக்கக்கூடாது. நோ எண்டால் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் எண்டுதான் இந்த வீடு. முன் அறை அவையளுக்கு. நானும் இவரும் எங்கையும் படுப்பம். ஊரை ஒளிச்சு வீடு எடுத்தா, வாற பிள்ளையளும் ஒளிச்செல்லோ வரவேணும்?"

"வாற ஆக்களிட்டை வாடகை வாங்குவீரோ?"

"ஊர்ப் பிள்ளையளிட்டை ஆர் அம்மா வாடகை வாங்கிறது?"

சறோஜினிதேவி கதிரையை விட்டு எழும்பினார். பிறகு உள்ளே போனார். திரும்பி வந்து சாவியைக் கிறேசம்மாவின் கையில் வைத்தார்.

"சுடுதண்ணி வைக்க என்ரை குசினியையும் பாவியுங்கோ. பிள்ளைத்தாச்சியள் எந்த நேரமும் கேக்குங்கள்."

கிறேசம்மாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் தலை நிமிர்ந்துதான் இருந்தது. மரியதாசன் அவளைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

வாசல் படலையடியில் சறோஜினிதேவி தரகரை மறித்து, குரலைத் தாழ்த்தினார்.

"பாத்தீரே தம்பி, தீவாரிலையும் இப்பிடி நல்ல ஆக்கள் இருக்கினம்."

இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் ஓமோம் என்று சிரித்துத் தலையாட்டிப் பழகியவர் தயாபரன். அன்றைக்கு அவருக்குத் தலை ஆடவில்லை.

"கனக்கப் பேர் இருக்கினம் அம்மா" என்றார், ஓட்டோவில் ஏறியவர்களுக்கும் கேட்கும்படியாக. "நல்லூரிலை நான் வாடகைக்குத்தான் இருக்கிறன். நானும் தீவான்தான். நாரந்தனை."