காணாமல் போன கடைவாய்ப்பல்

தீவு அருங்காட்சியகத்தில், என்றோ அழிந்துபோன குட்டையானையின் கடைவாய்ப்பல்லைக் காணவில்லை. ஏதென்ஸிலிருந்து ஆய்வாளர்கள் மதியக் கப்பலில் வருகிறார்கள். பொறுப்பாளர் செவாஸ்தி, தொலைந்ததைக் காட்டித்தரும் புனித ஃபனூரியோஸுக்கு நேர்ந்துகொண்டு நேற்றே திராட்சை கேக் சுட்டிருந்தாள். காலையில் அதைப் பல்லின் காலிப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வந்தாள்.

பல் மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

“அப்பாடா! என் வேலை தப்பிச்சுது,” என்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். கேக்கில் ஒரு துண்டு குறைந்திருந்தது.

“பாதிரியார் ஜெபம் பண்றதுக்குள்ளயே முழுங்கிட்டியா, தின்னிமூட்டை?” என்று டிக்கெட் கொடுக்கும் பந்தெலிஸிடம் பாய்ந்தாள்.

“எனக்கு சுகர் இருக்குக்கா! சத்தியமா தொடல.”

அவள் சிரித்தபடி பல்லைத் துடைக்க எடுத்தாள். அதன் வரிகளுக்கு நடுவே மென்ற திராட்சை ஒன்று ஒட்டியிருந்தது. விரலால் நோண்டி எடுத்தாள். கேக் எப்போதோ ஆறிப்போயிருந்தது. திராட்சை வெதுவெதுப்பாக இருந்தது.