குப்புறக் கிடந்தவர்

எங்கள் கோயிலில் பீடத்துக்கு முன்னால், தரைக்குக் கீழே ஆயர்களாக இருந்து செத்துப்போன நாலு மேற்றிராணிமாரைப் புதைத்திருக்கிறது. பக்கத்துக் குழி காலி. அது இப்போதைய மேற்றிராணியார் சூசைமிக்கேல் ஆண்டவருக்கு. பெரிய வெள்ளிக்கிழமை வழிபாடு தொடங்கும்போது அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் காலிக் குழியின் கல்மேல்தான் குப்புறப் படுப்பார். கோயில் எடுபிடி வேலை பார்க்கிற கோயில்பிள்ளையான நான் துணி விரிப்பேன்.

இந்த வருசம் உடுப்பு மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் இருமினாலே சாமியார்மார் வாயை மூடுவார்கள். அப்படிப்பட்டவர் என்னிடம் கெஞ்சினார்.

“வியாகுலம், துணியக் கொஞ்சம் தள்ளி விரிப்பா.”

“ஏன் ஆண்டவரே?”

“போன வருசம் கீழ பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நாலு பேரும் என்னப் பத்தித்தான் பேசுறாங்க.”

“உசுரோட இருக்கிற சாமியாருங்களும் அதத்தான பேசுறாங்க. செத்தவங்களுக்கு மட்டும் வேற என்ன சோலி?”

அவர் சிரிக்கவில்லை. நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ஆனாலும் தள்ளியே விரித்தேன்.

படுத்தார். சனம் முழங்காலில் நின்றது. வழக்கமாக எழுந்திருக்கிற நேரம் தாண்டியும் அவர் அசையவில்லை. பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. போய்க் குனிந்து தோளைத் தொட்டேன். கண் திறந்திருந்தது. காதைத் தரையில் ஒட்டவைத்திருந்தார்.

“எந்திரிங்க ஆண்டவரே, சனம் பாக்குது.”

“என்னத் தூக்காத வியாகுலம். நான் எந்திரிச்சா கேள்வி கேக்க கீழ கிடக்கிற நாலு பேரும் எந்திரிப்பாங்க.”

தோளில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. தூக்கவும் இல்லை.